புத்தகம் படிக்கிற நிலையில்தானே இருக்கிறது, சார்?

மூலை நசுங்கிவிட்டது. கீழ் வலது மூலை. புத்தகத்தைச் செருகி வைக்கும் ஸ்லிப்கேஸ் பெட்டி பிளந்து, உள்ளே துணி பைண்டிங் கசங்கி, அட்டை உள்வாங்கி, கடைசி ஐம்பது பக்கங்களும் அந்த இடத்தில் மடங்கி நிற்கின்றன. ஆறு கிலோ புத்தகம் மூலை குத்த விழுந்தால் என்ன ஆகும் என்பது பழைய ரேஸ் கார் புத்தகம் சேர்க்கும் எவருக்கும் தெரியும். தெரியாதவர்கள் கூரியர் நிறுவனம் நடத்துகிறார்கள்.

விழுந்ததை நான் பார்த்தேன், அதுதான் கொடுமை. இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து, முழுக் காட்சியையும் பார்த்தேன். கூரியர் வேன் வந்து நின்றது. தம்பி இறங்கினார். பார்சலை எடுத்தார். பெட்டியின் நான்கு பக்கமும் மேல்நோக்கிய அம்புக்குறி போட்டிருக்கிறது. பக்கத்தில் உடையும் கோப்பைப் படம் வேறு. அம்புக்குறியெல்லாம் தரையைப் பார்க்கிற மாதிரி கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். சரி, போகட்டும், புத்தகம் தலைகீழாக வந்தால் ஒன்றும் ஆகாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் அவருடைய போன் அடித்தது.

ஒரு கையால் போனை எடுக்க வேண்டும். இன்னொரு கையில் என் உயிர். அவர் என்ன செய்திருக்கலாம்? கீழே வைத்திருக்கலாம். வேனிலேயே வைத்திருக்கலாம். பக்கத்தில் காவலாளியின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது காம்பவுண்டுச் சுவரை. அந்தச் சுவரின் மேற்பகுதி சரிவாகப் பூசப்பட்டிருக்கிறது, காகம்கூட யோசித்துத்தான் உட்காரும். அதன்மேல் பார்சலைச் சாய்த்து, முழங்கையால் முட்டுக் கொடுத்து, நிதானமாகப் பேச ஆரம்பித்தார். யாரிடமோ சிரித்தார். பார்சல் ஓர் அங்குலம் நகர்ந்தது. நான் "தம்பி!" என்று கத்தினேன். நிமிர்ந்து பார்த்தார். நான் வணக்கம் சொல்வதாக நினைத்து, எனக்குக் கையசைத்தார். எந்தக் கை? முட்டுக் கொடுத்திருந்த கை.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அவர் குனிந்து எடுத்தார், சட்டைக் கையால் மண்ணைத் தட்டினார், மாடியேறி வந்தார், வியர்வையோடு சிரித்தார். "ஓடிபி சொல்லுங்கள் சார்." கீழே போட்டீர்களே என்றேன். "புத்தகம்தானே சார், உடைகிற பொருளா?" என்றார். சொல்லாவிட்டால் பார்சல் திரும்பிப் போகும். வழியில் இன்னும் எத்தனை சுவர்களோ. சொன்னேன்.

பிறகு வாடிக்கையாளர் சேவை. பாட்டுக் கேட்டுக் காத்திருந்து, ஒரு மனிதக் குரல் கிடைத்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. புகாரின் வகை என்ன என்று கேட்டது அந்தக் குரல். அளவு பொருந்தவில்லையா, நிறம் மாறிவிட்டதா, இயங்கவில்லையா? மூலை நசுங்கிவிட்டது என்றேன். "எல்லாப் பக்கங்களும் இருக்கின்றனவா சார்?" இருக்கின்றன. "எழுத்து தெரிகிறதா?" தெரிகிறது. "அப்படியானால் புத்தகம் படிக்கிற நிலையில்தானே இருக்கிறது?" அம்மா, இதை யார் படிக்க வாங்கினார்கள்? இது மேசைமேல் படுத்திருக்க வேண்டிய புத்தகம். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, வருடத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில், கல்யாணச் சீர்வரிசைத் தட்டு மாதிரி இரு கைகளாலும் ஏந்தி எடுத்துப் புரட்ட வேண்டிய பொருள். இதில் பெட்டியும் புத்தகம்தான், மூலையும் புத்தகம்தான். இதையெல்லாம் போனில் சொன்னேன். பதில் வந்தது: "ஓடிபி கொடுத்துவிட்டதால், பொருள் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது சார்."

ஐரோப்பாவில் இருக்கும் விற்பனையாளருக்குப் படங்களோடு எழுதினேன். பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவில் இடைவெளி விட்டு அடைப்பதுதான் இந்தத் தொழிலில் ஒழுங்கு என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஒற்றை அட்டைப்பெட்டி, உள்ளே மூன்று காற்றுப் பைகள், மூன்றும் செத்துக் கிடந்தன. இந்த லட்சணத்துக்கு, 2019 பட்ஜெட்டில் புத்தகத்துக்குப் போட்ட 5 சதவீதச் சுங்கவரியையும் கட்டியிருக்கிறேன். அவருடைய பதில் மிகவும் பண்பாக இருந்தது. வருந்துகிறாராம். கூரியரிடம் இழப்பீடு கேட்க வேண்டுமாம். அடுத்த முறை வாங்கினால் தள்ளுபடி தருவாராம். அதாவது, இன்னொரு மூலையை நசுக்கச் சலுகை விலை.

வயிறு எரிவது எதற்கு என்றால், அந்தப் புத்தகத்தின் விஷயமே 1955 மில்லே மிலியா, இத்தாலியின் பொதுச் சாலைகளில் ஓடிய கார் பந்தயம். ஓட்டியவர் ஸ்டர்லிங் மாஸ், கார் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர், வண்டி எண் 722, ஏனென்றால் பிரெஷாவிலிருந்து காலை 7.22-க்குக் கிளம்பியது. ரோம் வரை போய்த் திரும்ப ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். பக்கத்தில் வழி சொல்லத் தாடிக்காரர் டெனிஸ் ஜென்கின்சன். அவர் மடியில் ஓர் அலுமினியப் பெட்டி. பெட்டிக்குள் ஐந்து மீட்டருக்கும் நீளமான காகிதச் சுருள். ஒவ்வொரு வளைவும் மேடும் அதில் குறித்திருக்கிறது. திறந்த கார். வேகம் சில இடங்களில் மணிக்கு 270 கிலோமீட்டரைத் தொட்டது. ஒரு மேட்டில் கார் தரையை விட்டே எழும்பியது. வாந்தியெடுக்கத் தலையை வெளியே நீட்டியபோது ஜென்கின்சனின் மூக்குக்கண்ணாடி காற்றோடு போயிற்று. மாற்றுக் கண்ணாடி வைத்திருந்தார். 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்தார்கள். அந்தக் காகிதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை ஐயா! அதைப் பற்றிய புத்தகத்தை வேனிலிருந்து மாடிப்படி வரை கொண்டுவர நம்மால் முடியவில்லை.

"இந்தப் படமெல்லாம் இணையத்திலேயே இருக்கிறதே" என்று சொல்லப் போகிறவர்கள் தயவுசெய்து இப்போது வேண்டாம். அந்தக் காரின் உடன்பிறப்பான, கூரை மூடிய கூப்பே ஒன்று 2022-இல் 13.5 கோடி யூரோவுக்கு விற்றது. அதன் ஒரு திருகாணியை வாங்க எனக்கு வக்கில்லை. எனக்கு வாய்த்தது காகிதம். காகிதத்தையாவது நான்கு மூலையோடு வைத்துக்கொள்கிறேன்.

பதிப்பாளர்களும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை, வாய் திறந்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன். ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தம் செய்ததே 36 கார். அதைப் பற்றிய "மிக அரிய வரம்பிட்ட பதிப்பு" என்று ஆயிரத்துக்கு மேல் அடித்து எண் போடுவார்கள். நாம் வாங்கி முடித்ததும், அதே படங்களோடு மலிவுப் பதிப்பு வரும். படவிளக்கம் சாம்பல் தாளில் சாம்பல் எழுத்தில், எறும்பு படிக்கிற அளவில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இரட்டைப் பக்கப் படம்! 1957, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதை, ஓட்டுநர் ஃபாஞ்சியோ, மசெராட்டி 250எஃப் கார், அவருடைய வாழ்நாள் ஓட்டம். பக்கத்தைத் திருப்பினால் அவர் முகம் சரியாக நடு மடிப்புக்குள் போயிருக்கும். இடப்பக்கம் ஒரு காது, வலப்பக்கம் ஒரு காது. ஐந்து முறை உலகச் சாம்பியனான மனிதரை நூல் தையலுக்குள் தொலைத்துவிட்டு, வடிவமைப்பாளர் பெயரை மட்டும் தனிப் பக்கத்தில் பெரிதாகப் போடுவார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது குறுஞ்செய்தி வருகிறது. என் பார்சல் பத்திரமாக ஒப்படைக்கப்பட்டதாம். சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவேன் என்று கேட்கிறார்கள். சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது? தம்பிக்கு ஐந்து போட்டேன். கையசைத்தாரே, அந்த மரியாதை இந்த ஊரில் வேறு யாரிடம் இருக்கிறது?

நிச்சயம் மேல்மாடிக்காரரிடம் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மறுபடியும் சுவரில் துளை போட ஆரம்பித்துவிட்டார். குடிவந்த நாளிலிருந்து போடுகிறார். என்னதான் மாட்டுகிறீர்கள் சார் அங்கே? துளை போட இன்னும் சுவர் மிச்சம் இருக்கிறதா?