9ஆவது பிரிவின் மீதிப் பாதி

மேலே ஒரு அண்ணன், ‘நாட்டுக்குள் எங்கும் போகலாம் என்று மலேசிய அரசியலமைப்பின் 9ஆவது பிரிவு சொல்கிறது. அவசரகாலப் பிரகடனம் இல்லாமல் 2020இல் கோவிட் நேரத்தில் நம்மை வீட்டுக்குள் அடைத்தது சட்டவிரோதம், கட்டிய சம்மன் (அபராத) பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்’ என்று எழுதியிருக்கிறார். அந்தப் பிரிவில் பாதியைத்தான் எடுத்திருக்கிறார் அண்ணன். 9(2) அந்த உரிமையைத் தரும்போதே, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், குற்றத் தண்டனை பற்றிய சட்டங்களுக்கு அது உட்பட்டது என்றும் சொல்கிறது.

அப்படியொரு சட்டம் 1988இலிருந்தே இருக்கிறது: தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 342. அதன் 11ஆவது பிரிவின்படி ஓரிடத்தைத் தொற்றுப் பகுதியாக அமைச்சர் அறிவிக்கலாம். 2020 மார்ச் 18இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக்கு அடிப்படை இதுதான். அவசரகாலம் வந்ததோ 2021 ஜனவரியில்.

சரி, அதற்காக நடந்ததெல்லாம் நியாயம் என்று நான் சொல்லவில்லை. தனிநபர் அபராதத்தின் உச்சவரம்பு 2021 மார்ச்சில் 1,000 ரிங்கிட்டிலிருந்து 10,000 ஆனது. பட்டர்வொர்த்தில் தள்ளுவண்டிக் கடை வைத்திருப்பவர் அதை எப்படிக் கட்டுவார்? அந்த ஆண்டு அக்டோபர் 11இல் மாநில எல்லைகள் திறக்கும்வரை, பினாங்கின் பிறையில் வேலை செய்த எத்தனையோ பேரால் பக்கத்து மாநிலமான கெடாவில் இருக்கும் வயதான பெற்றோரைப் பார்க்க முடியவில்லை. அளவு மீறியதா என்று கேளுங்கள் அண்ணா, நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று கஷ்டப்பட்டவர்களிடம் சொல்லாதீர்கள். அதை நம்பி வக்கீலுக்கும் செலவு செய்வார்கள்.