திரை அளவைவிட ஆண்டெனா முக்கியம்
வழிகாட்டும் வரைபடத் திரை உள்ள கார் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுப்பது பற்றிய கட்டுரை, 7 அங்குலமா 9 அங்குலமா என்று திரை அளவிலேயே நின்றுவிட்டது. டெல்டாவில் ஓட்டுபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது ஜிபிஎஸ் ஆண்டெனாவை. இங்கே ஆற்றின் இரு கரையிலும் சாலை ஓடும் இடங்கள் உண்டு. திறந்த வெளியில் பிழை சுமார் 5 மீட்டர்தான். ஆண்டெனாவை ஸ்டீரியோவுக்குப் பின்னால் இரும்புச் சட்டத்துக்குள் செருகிவிட்டால் பிழை கூடி, வரைபடத்தில் வண்டியைக் காட்டும் அம்புக்குறி அக்கரைக்குத் தாவிவிடும். அதை நம்பித் திரும்பினால் அடுத்த பாலம் வரை சுற்றல். டேஷ்போர்டின் மேல், முன்கண்ணாடியை ஒட்டி, முகம் வானம் பார்க்க ஒட்டச் சொல்லுங்கள். டேஷ்கேம் (முன்கண்ணாடிக் கேமரா) ஒயர் அருகில் வேண்டாம், சிக்னலைக் கெடுக்கும்.

கும்பகோணத்துத் தெருக்களில் வண்டி நிற்கும்போது அம்பு சுழன்றால் பழுதென்று நினைக்காதீர்கள். ஜிபிஎஸ் திசையை நகர்வை வைத்தே கணிக்கிறது. வண்டி உருண்டதும் சரியாகும்.

வழிகாட்டி செட்டிங்ஸில் 'குறுகிய வழி' வேண்டவே வேண்டாம், வாய்க்கால் கரை மண்பாதைக்கு இழுத்துவிடும். ஐப்பசி மழையில் சக்கரம் புதையும். 'விரைவான வழி' வையுங்கள். வேதாரண்யம் பக்கம் போகுமுன் ஆஃப்லைன் வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் செயற்கைக்கோள் படம் அதில் சேராது. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என்றால் 4 ஜிபி ராம் (RAM, இயங்கு நினைவகம்) உள்ளதை எடுங்கள். 2 ஜிபியில் பாட்டும் வரைபடமும் சேர்ந்து ஓடினால் திருப்பம் கடந்தபிறகுதான் வழிசொல்லும் குரல் வரலாம்.