இன்ஸ்பெக்‌ஷன் போச்சு, ஃபீஸ் போகல

"டெக்சஸ்ல இனிமே வண்டிக்கு இன்ஸ்பெக்‌ஷனே கிடையாதாம்" என்று வாட்ஸப் குழுக்களில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதிதான் உண்மை. 2025 ஜனவரி 1 முதல் சொந்த உபயோக வண்டிகளுக்கு நின்றது பாதுகாப்புச் சோதனை மட்டும்: பிரேக், டயர், லைட், வைப்பர், ஹாரன் வகையறா. எமிஷன் டெஸ்ட், அதாவது புகைச் சோதனை, ஏற்கெனவே இருந்த 17 கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அப்படியேதான் இருக்கிறது. நம்மவர்கள் குவிந்திருக்கும் ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங், சுகர்லேண்ட் எல்லாம் அதற்குள்தான். இரண்டு முதல் 24 வருட பெட்ரோல் கார் என்றால் வருடா வருடம் பாஸ் ஆகவேண்டும். இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க முடியாது.

ஒன்றைத் தூக்கியவர்கள் இன்னொன்றை ஏன் விட்டுவைத்தார்கள்? நம் நுரையீரல் மேல் அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். பாதுகாப்புச் சோதனை மாநிலம் தானாக வைத்துக்கொண்டது, சட்டமன்றம் நினைத்தது, தூக்கிவிட்டது. காற்றில் ஓசோன் மாசு மோசமான நகரங்களில் புகைச் சோதனைக்குப் பின்னால் நிற்பதோ மத்திய அரசின் தூய காற்றுச் சட்டம். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதும் இதனால்தான். கலிஃபோர்னியாவில் பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு ஸ்மாக் செக் (அவர்கள் ஊர்ப் புகைச் சோதனை), பிரேக் பற்றிப் பேச்சே இல்லை. வர்ஜீனியாவில் வருடா வருடம் பிரேக்கையும் டயரையும் பார்க்கிறார்கள்.

சோதனை போனாலும் அரசுக்குப் போய்க்கொண்டிருந்த 7.50 டாலர் போகவில்லை. 'இன்ஸ்பெக்‌ஷன் புரோகிராம் ரீப்ளேஸ்மென்ட் ஃபீ' என்று பெயர் மாற்றி ரெஜிஸ்ட்ரேஷனோடு வாங்குகிறார்கள். இல்லாத சோதனைக்குக் கட்டணம்!

எமிஷன் டெஸ்டில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 1996 மாடல் முதல் வந்த கார்களில் சைலன்சரில் குழாய் விட்டுப் பார்ப்பதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் கருவியைச் செருகி, காரின் கம்ப்யூட்டரையே கேட்கிறார்கள். செக் எஞ்சின் லைட் எரிந்தால் ஃபெயில். சரி, முந்தின ராத்திரி பேட்டரியைக் கழற்றி மாட்டி லைட்டை அணைத்துவிட்டால்? வண்டி தன்னைத் தானே சோதித்து முடிக்கவில்லை என்று கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடும். சில நாள் ஹைவேயிலும் ஊருக்குள்ளும் ஓட்டினால்தான் அது மறுபடி தயாராகும். ஆகவே ரிப்பேரைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

பாதுகாப்புச் சோதனையை எடுத்தது தப்பு என்பதுதான் என் கட்சி. மெக்கானிக் கண்துடைப்பாகப் பார்த்தார், ஸ்டிக்கர் விற்றார் என்றெல்லாம் சொல்வார்கள். இருக்கட்டும். மாஸ்டர்ஸ் படிக்க வந்து, பதினைந்து வருடக் கொரோலாவை யாரிடமோ வாங்கும் பையனுக்கு, வழுக்கை டயரைச் சுட்டிக்காட்ட வருடத்தில் ஒரு ஆளாவது இருந்தார். இப்போது வாங்குமுன் தனியாக ஒரு மெக்கானிக்கிடம் காசு கொடுத்துத்தான் காட்டவேண்டும், காட்டுங்கள்.

பிரேக், டயர், லைட் பற்றிய சட்டம் அப்படியேதான் இருக்கிறது. ரோட்டில் நிறுத்தும் போலீஸ்காரரிடம் "அதான் இன்ஸ்பெக்‌ஷனை எடுத்துட்டாங்களே" என்று சொல்லிப் பாருங்கள், டிக்கெட்தான் கிடைக்கும்.