முகப்பை மட்டும் விட்டுவைப்பது புதுப்பித்தல் ஆகாது

இந்த வாரம் முழுவதும் எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் காணொளி ஒன்று, ஜப்பானின் கியோட்டோ நகரில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்ததாகக் காட்டுகிறது. அதன் கீழ் ‘இது புதுப்பித்தல் அல்ல’ என்று நான் ஒரு வரி எழுதியதற்குக் கிடைத்த வசவுகளை நீங்களும் படித்திருப்பீர்கள். ஆகவே விரிவாகவே சொல்லிவிடுகிறேன். மச்சியா எனப்படும் அந்தப் பழைய மரவீடு புதுப்பிக்கப்படவில்லை. உள்ளே இருந்ததையெல்லாம் பெயர்த்து அள்ளிக் கொட்டிவிட்டு, தெருவைப் பார்த்த மரக் கிராதியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

மச்சியா என்பது தெருவுக்குக் குறுகிய முகம் காட்டி, உள்ளே நீண்டுகொண்டே போகும் வணிகர்களின், கைவினைஞர்களின் வீடு. வாசலிலிருந்து பின்கட்டு வரை ஓடும் தோரிநிவா என்ற தாழ்வான நடை, அடுப்புப் புகை ஏறிப்போகக் கூரை வரை திறந்திருக்கும் சமையல் பகுதி, நடுவே கையகல முற்றத் தோட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்த நீண்ட வீட்டுக்குக் காற்றையும் வெளிச்சத்தையும் கொண்டுவருகின்றன. நடையை மேடாக்கித் தளம் போட்டு, புகைவெளியைப் பலகையடித்து மூடி, முற்றத்தில் குளியலறை கட்டிய பிறகு, எதைக் காட்டி அதைப் பழைய வீடு என்கிறார்கள்?

கியோட்டோவின் நிஷிஜின் பகுதியில் நான் குடியிருக்கும் தெருவில் ஒரு வீட்டைச் செப்பனிட்டபோது அருகில் நின்று பார்த்திருக்கிறேன். இவ்வீடுகளின் தூண்கள் கல்லின்மேல் அப்படியே நிறுத்தப்பட்டவை. தச்சர் ஒரு தூணை ஜாக்கி வைத்துச் சற்றே தூக்கி, உளுத்துப்போன அடியை மட்டும் அறுத்தெடுத்து, அதே கனத்தில் புது மரத்தைக் கோத்துப் பொருத்தினார். சுவரிலிருந்து பெயர்ந்த மண்ணை ஒரு பிடிகூட வெளியே போடவில்லை. அதைச் சலித்து, வைக்கோல் நறுக்கும் தண்ணீரும் சேர்த்துக் குழைத்து ஊறவைத்து, மூங்கில் பிளாச்சுத் தட்டியின்மேல் அதையே மறுபடியும் பூசினார்கள். புதுப்பித்தல் என்றால் இதுதான்.

குளிருமே என்கிறீர்கள். ஆம், கியோட்டோவின் ஜனவரியில் அந்த வீடுகள் விறைக்கும், நானும் அதில்தான் இருக்கிறேன். மின்சாரமோ நல்ல கழிவறையோ கூடாதென்று நான் எங்கே சொன்னேன்? செலவு அதிகம் என்கிறீர்கள். மண்சுவரை உடைத்து லாரியில் ஏற்றுவதற்குச் செலவழித்தவர்கள் அதைச் சொல்லக் கூடாது. இடிப்பதைவிட இது மேல் என்கிறீர்கள். இந்த வாதம்தான் என்னை அதிகம் புண்படுத்துகிறது. கியோட்டோ நகராட்சியின் கணக்கெடுப்பில் 2016-இல் ஏறத்தாழ 40,000 மச்சியாக்கள் எஞ்சியிருந்தன. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் மறைந்தவை 5,600-க்கும் மேல். 1950-ஆம் ஆண்டின் கட்டிடத் தரச் சட்டத்துக்கு முந்தைய கட்டுமான முறை இது என்பதால், போன வீட்டை அதே வகையில் மறுபடி எழுப்புவது மிகக் கடினம். அதனால்தான், அடையாளமிடப்பட்ட மச்சியாவை இடிக்க விரும்புவோர் ஓராண்டுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்று 2017-இல் நகராட்சி விதி செய்தது. வீட்டை வீடாகவே வைத்துக்கொள்ளும் ஒருவரைத் தேடுவதற்கான அவகாசம் அது. தோலை மட்டும் விட்டுவிட்டு உள்ளே இருப்பதைச் சுரண்டியெடுப்பதற்கு அல்ல.

"நீ அந்நியன், உனக்கென்ன வலி?" என்று ஒருவர் கேட்டிருந்தார். காலையில் என் வாசலைப் பெருக்கி, பக்கத்து வீட்டு எல்லையிலும் ஒரு சாண் சேர்த்துப் பெருக்குகிறேன். அதற்குமேல் போனால் அவர்களைக் குறை சொல்வதாகிவிடும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எதிர்வீட்டு மூதாட்டி. இந்த அளவெல்லாம் தெரிந்து வாழ்ந்த குடும்பங்கள் போய், பெட்டியோடு வந்து சில நாள் தங்கிப்போகும் பயணிகளுக்காக வீடுகள் குடையப்படுகின்றன. பயணிகள் மொய்க்கும் கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் நுழைந்தால் 10,000 யென் தண்டம் என்று 2024-இல் பலகை வைக்கும் நிலைக்கு அங்கு வாழ்பவர்கள் தள்ளப்பட்டார்கள். சுற்றிப் பார்க்க வருவதை நான் பழிக்கவில்லை. பார்க்க வருபவர்களுக்குப் பொய்யான வீட்டைக் காட்டுவதைத்தான் பழிக்கிறேன்.

கருத்தை நீக்கச் சொல்லி இன்னமும் உள்பெட்டியில் செய்தி அனுப்புகிறவர்களுக்கு: நீக்க மாட்டேன். அந்த வீட்டுச் சுவரின் மண் எங்கே போனதென்று காணொளி எடுத்தவர் முதலில் சொல்லட்டும்.