காலையில் எழுந்ததும் முதல் பத்து அடி

எங்கள் ஓட்டக் குழுவில் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் வந்தது. மலை ஓட்டம் முடித்த ஒரு தம்பி. இரண்டு கணுக்காலிலும் நீல டேப், முகம் முழுக்க வேதனை, கழுத்தில் பதக்கம். "இருபதாவது கிலோமீட்டர்லயே கால் போயிருச்சு, ஆனா விடல" என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல், சிங்கப் படம், நெருப்புப் படம். போன வருஷம் என்றால் நானும் தட்டியிருப்பேன். இந்த முறை கை வரவில்லை. அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இப்போது கால் எப்படிப்பா இருக்கு என்று அத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே, அதுதான் இரண்டு நாளாக மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு வருஷமாக வலது குதிகாலோடு போராடிக்கொண்டிருப்பவள் என்பதால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 44 வயது. கோவையில் ரோட்டில் ஓட ஆரம்பித்து, ஐந்து வருஷமாக மலைப்பாதை. போன ஜனவரியில் இரண்டு தப்பை ஒன்றாகச் செய்தேன். வாரம் 40 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள் ஒரே தாவலில் 65க்குப் போனேன். அதே வாரம் ஷூவையும் மாற்றினேன். பழைய ஷூவில் குதிகால் பக்கம் முன்பக்கத்தைவிட 10 மில்லிமீட்டர் உயரம், புதுசில் 4. ஆறு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். குதிகால் அவ்வளவு தாழ்ந்தால் கெண்டைக்காலுக்குக் கீழே அவ்வளவு கூடுதலாக இழுபடும். ஒரு கிலோமீட்டருக்கு அந்த ஒரு கால் மட்டும் ஐந்நூறு தடவைக்கு மேல் தரையைத் தொடும். கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கினேன். குதிகாலுக்கு மேலே யாரோ கயிற்றை முறுக்கிக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சமையலறைக்குப் போனேன்.

பார்த்தவர்கள் எல்லாம் "நரம்பு பிசகிருக்கும்" என்றார்கள். அது நரம்பே இல்லை, தசைநாண். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருப்பது. அக்கிலிஸ் என்று பெயர். நம் உடம்பில் இருப்பதிலேயே தடிமனான தசைநாண் இதுதான். ஓடும்போது உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு பாரம் இதன் மேல் விழும். ஆனால் ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதும் ஆமை வேகத்தில்தான்.

சித்தி சொன்னார் என்று எண்ணெய் காய்ச்சித் தடவினேன். இதமாக இருந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மருத்துவமனைக்குப் போனேன். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அந்த இடத்தில் போடும் அந்த ஊசி வலியைக் கொஞ்ச நாள் அடக்கும், ஆனால் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்தையும் கூட்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. தோழி ஒருத்தி கையைப் பிடித்துத் தடுத்தாள். அவளுக்கு இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஊசி வேண்டாம், ஓய்வு எடுப்போம் என்று ஆறு வாரம் ஓடாமல் இருந்தேன். வலி சுத்தமாகப் போய்விட்டது. ஏழாவது வாரம் ஓடிப் பார்த்தேன். மூன்றாவது கிலோமீட்டரில் அதே இடம், அதே கயிறு.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வயிறு சரியில்லை என்றால் மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்குகிறோமே சிப்ரோஃப்ளாக்சசின், அந்த வகை மருந்துகளால் தசைநாண் பாதிக்கப்படலாம். அமெரிக்காவில் 2008லேயே மருந்து அட்டையில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தார்கள். ஓடுகிறவர்கள் மருத்துவரிடம் "நான் ஓடுறவங்க" என்று சொல்லாமல் அதைச் சாப்பிட வேண்டாம்.

கடைசியில் கிடைத்தவர் ஒரு பிசியோ. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். "அக்கா, நீங்க ஓய்வு எடுத்தது தப்பில்ல. ஆனா ஓய்வு மட்டும் எடுத்தீங்க பாருங்க, அதான் தப்பு. பாரம் கொடுத்தாத்தான் அது உரம் ஏறும்" என்றார். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். மேலே ஏற மற்றக் காலை உபயோகிக்கலாம், இறங்குவது மட்டும் அடிபட்ட காலில். முட்டி நேராக வைத்து 15 தடவை, மூன்று சுற்று. முட்டியை மடக்கி இன்னொரு மூன்று சுற்று. காலையும் மாலையும். ஆக ஒரு நாளைக்கு 180. ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் 1998ல் வெளியிட்ட முறை. அவர் சோதித்தது என்னைப் போல ஆசைக்கு ஓடுகிற 15 பேரை. பன்னிரண்டு வாரம் கழித்து 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள்.

எங்கள் வீட்டு மாடிப்படியில் மூன்றாவது படி என்னுடையது. ஐந்தாவது வாரத்திலிருந்து மகனுடைய பழைய ஸ்கூல் பையில் ஐந்து கிலோ பொன்னி அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டேன். பதினொன்றில் நான் நின்றுவிட்டால் சமையலறையிலிருந்து அம்மா குரல் வரும். "இன்னும் நாலு இருக்கு." கைப்பிடிக் கம்பியில் நான் பிடிக்கும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரிகிறது. என் பதக்கங்களை எங்கே வைத்திருக்கிறேன் என்று தேட வேண்டும். அந்தக் கம்பியைத் தினமும் பார்க்கிறேன்.

வலிக்கும்போது செய்யலாமா என்று கேட்டேன். பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும் என்றார். "ஓடும்போது எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்ல வேண்டாங்க்கா. உடம்பு சூடானா அது பொய் சொல்லும். மறுநாள் எந்திரிச்சதும் முதல் பத்து அடி எப்படின்னு சொல்லுங்க." அன்றிலிருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டைரி. தேதி, ஒரு எண். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் நான் போட்ட கிலோமீட்டர்களைவிட அந்த எண்கள்தான் என் வருஷத்தின் உண்மையான கணக்கு.

மலையில் ஓடுகிறவர்களுக்கு முக்கியமாக ஒன்று. ஏற்றத்தை நடந்தே ஏறலாம், அதிர்வு இல்லை, பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். இறக்கம்தான் ஆபத்து என்றுதானே எல்லாரும் சொல்கிறோம்? முட்டிக்கும் தொடைக்கும் அது சரி. அக்கிலிஸுக்கு நேர் தலைகீழ். செங்குத்தான ஏற்றத்தில் முன்பாதம் மேலேயும் குதிகால் கீழேயும் இருக்கும், தசைநாண் முழு நீளத்துக்கு இழுபட்ட நிலையில் உடம்பையே தூக்க வேண்டும். மருதமலைப் பக்கம் மூன்று வாரம் "பாதுகாப்பாக" ஏறிவிட்டு, டைரியில் 2 எப்படி 5 ஆனது என்று புரியாமல் முழித்தேன். படிக்கட்டுப் பாதைக்கு மாறி, குதிகாலும் படியில் பதியும்படி முழுப் பாதத்தையும் வைத்து ஏறப் பழகினேன். ஷூவுக்குள் குதிகாலுக்குச் சின்ன பேட் வைத்தேன். இரண்டு வாரத்தில் எண் இறங்கியது.

ஜூலையில் ஏற்காட்டில் 10 கிலோமீட்டர். பெரும்பாலும் நடை. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, மழையும் மூடுபனியும் நன்றாக இருந்தன.

அக்டோபரில் சிக்கமகளூரு, 50 கிலோமீட்டர். அடிபடுவதற்கு முன்பே பணம் கட்டிய ரேஸ். போகக் கூடாது என்று பிசியோ சொல்லவில்லை. "எங்க நிறுத்துவீங்கன்னு முடிவு பண்ணிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, கீழே காபிச் செடிகளுக்கு நடுவே செம்மண் பாதை. முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் அல்வா மாதிரி குழைந்து கிடந்தது. 20 வரை சுகமாகப் போனேன். 26ல் வலி மூன்று. ஒரு நீண்ட ஏற்றம் முடிந்து 31வது கிலோமீட்டரில் எய்ட் ஸ்டேஷனுக்கு (ஓடுகிறவர்களுக்கு வழியில் உதவி கிடைக்கும் இடம்) முன்னால் தண்ணீர் குடிக்க நின்றேன். எதேச்சையாகத் திரும்பி நான் வந்த பாதையைப் பார்த்தேன்.

ஈரச் செம்மண்ணில் என் தடம் அப்படியே பதிந்திருந்தது. இடது ஷூ முழுசாக, குதிகாலின் கட்டங்கள் வரை தெளிவாக. வலது ஷூவில் முன்பாதி மட்டும். அதுவும் வெளிப்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் இழுத்த கோடு. எனக்கு நான் நொண்டுவதே தெரியவில்லை. வலி எவ்வளவு என்று என்னை நானே கேட்டபோதெல்லாம் மூன்று, மூன்று என்றுதான் பதில் வந்தது. மண் வேறு சொன்னது.

ஸ்டேஷனில் இருந்த பையன்கள் தங்கமானவர்கள். "மேடம், கட்-ஆஃபுக்கு இன்னும் நிறைய டைம் இருக்கு, நடந்தே முடிச்சிரலாம், விட்டுராதீங்க" என்றான் ஒருவன். கட்-ஆஃப் என்றால் ஓட்டத்தை முடிக்கக் கொடுக்கும் கெடு. கூட ஓடி வந்த ஒருவர் வலி மாத்திரை நீட்டினார். அன்பில் செய்ததுதான். ஆனால் மணிக்கணக்காக வியர்வை கொட்டி உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரை போட்டு ஓடினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். போதாததற்கு, நிறுத்து என்று சொல்ல இருக்கும் ஒரே குரலையும் அடக்கிவிடும். மறுத்துவிட்டு, சட்டையில் குத்தியிருந்த பிப்பை, அதாவது ஓட்ட எண்ணை, கழற்றிக் கொடுத்தேன். டிஎன்எஃப், ஓட்டத்தை முடிக்கவில்லை என்று கணக்கு. ஜீப்பில் வரும்போது அழுதேன், மறைக்கவில்லை.

ஊருக்கு வந்து குழுவில் எழுதினேன். "அடுத்த முறை பார்த்துக்கலாம்" என்று நாலு பேர். பிறகு யாரோ ஸ்பெயின் நாட்டு மலை ஓட்ட வீரர் கீலியன் ஜோர்னே பற்றிய ஒரு பதிவைப் பகிர்ந்தார். 2017ல் அமெரிக்காவின் ஹார்ட்ராக் 100 மைல் ஓட்டத்தில் ஆரம்பத்திலேயே விழுந்து தோள்பட்டை இறங்கி, தானே அதைப் பொருத்திக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு மிச்ச தூரத்தையும் ஓடி முதலில் வந்தாரே, அது. நிஜமாக நடந்ததுதான், அபூர்வமான மனிதர்தான். ஆனால் அதே கீலியன் அடுத்த வருஷமே, 2018ல், ஆல்ப்ஸ் மலையில் நடக்கும் யுடிஎம்பி ஓட்டத்தில் தேனீ கொட்டி ஒவ்வாமை வந்து வழியிலேயே விலகினார். இதை யாராவது உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்களா? எனக்கு ஒருவரும் அனுப்பியதில்லை. ஒரே மனிதரின் இரண்டு ரேஸ். ஒன்றை மட்டும் எடுத்து அடிபட்டுக் கிடப்பவர்களுக்கு மருந்து மாதிரி கொடுக்கிறோம். அவர் ஓடியது தோள் அடிபட்டு. நம் ஆட்கள் ஓடுவது கால் அடிபட்டு. இந்த வித்தியாசத்தைக்கூட யாரும் யோசிப்பதில்லை.

குழு நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ரேஸ் முடிந்த அன்று பதக்கப் படங்கள் போடுவது போல, மறுநாள் காலை ஒரே ஒரு கேள்வி போடுங்கள். எழுந்ததும் கால் எப்படி இருந்தது என்று. முடிக்காமல் திரும்பியவர்களையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எனக்கு அக்டோபரில் யாராவது அப்படிக் கேட்டிருந்தால், "இரண்டுதான்" என்று சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். 31ல் நிறுத்தியதால்தான் அது இரண்டு.

டிசம்பரில் கோத்தகிரிப் பக்கம் 25 கிலோமீட்டர். டிசம்பர் குளிரில் விரல் விறைத்துப்போய் கோலைப் பிடிக்கவே முடியவில்லை. தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு காட்டுமாடு பாதையை மறித்து நிற்க, ஏழெட்டுப் பேர் சத்தம் போடாமல் கால் மணி நேரம் காத்திருந்தோம். கடைசி ஏற்றத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர், "மெதுவா போ கண்ணு, மலை எங்கயும் போயிராது" என்றார். மெதுவாகத்தான் போனேன். நான்கு மணி நேரம் 41 நிமிஷம், கட்-ஆஃப் ஐந்து மணி நேரம். எனக்குப் பின்னால் ஆறு பேர்தான்.

ராத்திரி லாட்ஜில் தூக்கமே வரவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்தேன். சிமென்ட் தரை ஐஸ் மாதிரி இருந்தது. வெறுங்காலோடு இறங்கி ஜன்னல் வரை எண்ணிக்கொண்டே நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடியில் லேசாக ஒரு இழுப்பு, ஏழாவதில் அது இல்லை. பத்தாவது அடியில் ஜன்னல். பைக்குள்ளிருந்து டைரியை எடுத்துத் தேதி போட்டு 1 என்று எழுதினேன். ஒன்று என்று எழுதியது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.