சில்லர் பார்க்க சில்லர் ரூமிலேயே பிறந்திருக்க வேண்டுமா?

போன வாரம் நம் பெங்களூரு குழுவில் ஓடிய சண்டையைப் பார்த்திருப்பீர்கள். முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. பீனியா தொழிற்பேட்டையில் இருபது வருஷத்துக்கு மேல் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்த அண்ணனை, ஒரு ஐடி வளாகத்தின் சில்லர் பிளான்ட் (கட்டடத்து ஏசிக்குத் தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின்கள்) வேலைக்கு "ரெலவன்ட் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைக்கூட விட்டுவிடலாம், கம்பெனிகள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் அதற்குக் கீழே நம் ஆட்களே எழுதினார்களே, "பிரஸ் ஷாப்பில் கிடந்தவருக்கு சில்லரைப் பற்றி என்ன தெரியும், நாளைக்கு பஞ்சர் ஒட்டுகிறவனும் வந்து நிற்பான்" என்று. அதற்கு அத்தனை பேர் லைக் போட்டிருந்தார்களே. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில் அந்த அண்ணன் பீனியாவில் என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்று யாராவது கேட்டீர்களா? ஸ்க்ரூ ஏர் கம்ப்ரஸர் பார்த்தார். ஒன்றோடொன்று பின்னிச் சுற்றும் இரண்டு ரோட்டர், அதற்கு எண்ணெய், எண்ணெயைப் பிரித்தெடுக்க செபரேட்டர், ஃபில்டர், எண்ணெய்ச் சூடு மீறினால் மெஷினை நிறுத்த ஒரு ட்ரிப். இப்போது பெரிய கட்டடங்களில் உட்கார்ந்திருக்கும் ஸ்க்ரூ சில்லரின் கம்ப்ரஸரைத் திறந்து பாருங்கள். அதே இரண்டு ரோட்டர், அதே எண்ணெய், அதே செபரேட்டர். அங்கே காற்றை அழுத்துகிறது, இங்கே குளிர்விக்கும் கேஸை அழுத்துகிறது. ஹைட்ராலிக் பிரஸ்ஸின் ஆயில் கூலரில் குழாய்க்குள் படிந்த உப்பை பிரஷ் விட்டுச் சுத்தம் செய்த கைக்கு, கேஸின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் கண்டென்ஸரின் குழாய் புதிதா? மீதி இருப்பது பம்ப், மோட்டார், கூலிங் டவர் ஃபேன், வால்வு. அதைத்தான் அவர் இத்தனை வருஷமாகப் பார்த்தார்.

கைவேலை மெஷினின் பெயரில் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதாக இல்லை, அதனால் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பியரிங்கில் 6205 என்று அடித்திருந்தால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர். கடைசி இரண்டு எண் 04-இலிருந்து மேலே இருந்தால் அதை ஐந்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த பியரிங் பம்ப்பில் இருந்தாலும் மோட்டாரில் இருந்தாலும் பைக் வீலில் இருந்தாலும் கணக்கு மாறாது. ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தில்தான் தட்ட வேண்டும், வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் பாதையில் பள்ளம் போட்டுவிடும், இன்று ஓடும், கொஞ்ச நாளில் சத்தம் வரும். இது பம்ப்புக்கு ஒரு மாதிரி, சில்லருக்கு ஒரு மாதிரியா?

அந்த அண்ணன் அலைன்மென்ட் செய்வதை, அதாவது மோட்டார் ஷாஃப்ட்டையும் பம்ப் ஷாஃப்ட்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவதை, நான் நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கில் டயல் கேஜை உட்காரவைத்துவிட்டு, உடனே அளவு எடுக்கமாட்டார். முதலில் மோட்டாரின் கால் போல்ட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார், கண் டயல் முள்ளிலேயே இருக்கும். ஒரு காலைத் தளர்த்தும்போது முள் துள்ளினால் அந்தக் கால் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அங்கே ஷிம் (மெல்லிய தகடு) வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. லேசர் கருவி வைத்துக்கொண்டு இதைச் செய்யாமல் விட்டு, மாதத்துக்கு ஒரு கப்ளிங் ரப்பர் மாற்றும் இடங்களை எனக்குத் தெரியும்.

என்னிடம் ஹெல்பராக வந்த ஒரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜே.சி. ரோடு பக்கம் கராஜில் பைக், கார் இன்ஜின் இறக்கி ஏற்றியவன். வந்த புதிதில் குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் ஒரு ஃப்ளாஞ்ச் மாட்டச் சொன்னேன். எதிரெதிர் போல்ட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றுச் சுற்றாக இறுக்கினான். பக்கத்தில் சர்ட்டிஃபிகேட்டோடு வந்தவர்கள் ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக இறுக்கி கேஸ்கெட்டைக் கடிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். "யார்டா சொல்லிக்கொடுத்தது?" என்றேன். "சிலிண்டர் ஹெட்டு அப்படித்தானே சார் டைட் பண்ணணும்" என்றான். இன்று அவன் ஒரு ஷிஃப்ட்டையே தனியாகப் பார்க்கிறான்.

சரி, "பாதுகாப்பு என்ன ஆவது?" என்று கேட்டவர்களுக்கு வருகிறேன். நியாயமான கேள்வி. கேஸ் லைனில் கைவைக்க வேண்டுமென்றால் நைட்ரஜன் விட்டு லீக் பார்க்க, பிரேஸிங் செய்ய, வாக்யூம் இழுக்க, சூப்பர்ஹீட் (கேஸ் ஆவியான பிறகு ஏறும் சூடு) படிக்கக் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். எலெக்ட்ரிக் காரில் ஆரஞ்சு நிற கேபிளைக் கண்டால் பயிற்சி இல்லாதவர் தள்ளி நிற்க வேண்டும், அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. இதையெல்லாம் நான் எங்கேயும் மறுக்கவில்லை. ஆனால் இவை சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயங்கள். சில மாதம் ஒரு நல்ல சீனியரோடு விட்டால் வந்துவிடும். சத்தத்தை வைத்து பம்ப்பில் கேவிடேஷனா (தண்ணீரில் ஆவிக்குமிழ் உண்டாகி உடைவது), பியரிங்கா என்று பிரிக்கும் காது சில மாதத்தில் வராது. வராததைக் கையில் வைத்திருப்பவரை வெளியே அனுப்பிவிட்டு, கற்றுக்கொள்ளக்கூடியதை மட்டும் ரெஸ்யூமேயில் தேடுகிறீர்கள்.

"அப்போது ஐடிஐ எதற்கு?" ஐடிஐ வேண்டாம் என்று யார் சொன்னது? அங்கேயே போய்ப் பாருங்கள், ஃபிட்டரோ டீசல் மெக்கானிக்கோ, அரம் பிடிப்பதும் அளவு எடுப்பதும்தான் ஆரம்பம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், அதற்கும் காரணம் இருக்கிறது. என் அப்பா கோலார் தங்கவயல்காரர். மைன்ஸில், கூண்டை இறக்கி ஏற்றும் வைண்டிங் இன்ஜினுக்கு ஃபிட்டர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டு ஒரு கம்பிக் கயிற்றில் தொங்கும். அந்தக் கயிற்றை மெதுவாக ஓடவிட்டு, பனியன் வேஸ்ட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். வெர்னியர் வைத்து கயிற்றின் தடிமன் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிரேக் ஷூ, ஓவர்ஸ்பீட் ட்ரிப், எல்லாம் அவர்கள் பொறுப்பு. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள்.

அப்புறம் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூரு வந்தவர்களில் அப்பாவும் ஒருவர். லிஃப்ட் வேலைக்குப் போய்க் கேட்டார். லிஃப்ட் என்றால் என்ன? கயிறு, அதை ஓட்டும் சக்கரம், பிரேக், வேகம் மீறினால் பிடிக்கும் கவர்னர். "மைன்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் எங்களுக்குச் செல்லாது" என்றார்கள். கடைசியில் ஒரு அப்பார்ட்மென்ட்டில் வாட்ச்மேன். அங்கே ஒரு நாள் மெஷின் ரூம் பூட்டைத் திறக்கப் போனவர், கயிற்றுக்குக் கீழே செங்கல் நிறத்தில் தூள் கொட்டிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். கயிற்றுக்குள் எண்ணெய் காய்ந்து இழையோடு இழை உரசினால்தான் அந்தத் தூள் வரும். செக்ரட்டரியிடம் சொன்னார். "நீங்க கேட்டைப் பாருங்க, போதும்" என்று பதில். சில மாதம் கழித்து சர்வீஸ் இன்ஜினியர் வந்து அதே காரணத்தைச் சொல்லி எல்லாக் கயிற்றையும் மாற்றினார். அப்பாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் வீட்டில் வந்து சொல்லவில்லை, அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதனால் "உணர்ச்சிவசப்படுகிறீர்கள் சார்" என்று சொல்லாதீர்கள். ஆமாம், படுகிறேன். "உங்க ஆள் என்பதால் தூக்கிப் பிடிக்கிறீர்கள்" என்று ஒருவர் இன்பாக்ஸில் எழுதியிருந்தார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் மண்டியாக்காரர். மேலே சொன்ன பையன் ஹாசன் பக்கம். இரண்டு பேருமே என் ஊர்க்காரர்கள் இல்லை. ஸ்பானர் பிடிக்கிறவர்களிடம் இந்தக் கேள்வி எழுவதே இல்லை.

இன்னொன்று. முன்அனுபவத்தைச் சோதித்துச் சான்று கொடுக்க பிரதம மந்திரி கௌஷல் விகாஸ் யோஜனாவில் ஆர்பிஎல் என்று ஒரு பிரிவே இருக்கிறது. அந்தத் திட்டம் வந்தது 2015-இல். வேலைக்கு எடுப்பவர்கள் எத்தனை பேர் அதைக் கேட்கிறார்கள்? சான்று இல்லாவிட்டால்கூட, ஒரு ஆளுக்கு வேலை தெரியுமா என்று பார்க்க அரைமணி நேரம் போதும். பழைய பம்ப் ஒன்றைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். பியரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லரை எடுக்கிறாரா, சுத்தியலை எடுக்கிறாரா என்று பாருங்கள். கிளாண்ட் பேக்கிங் (ஷாஃப்ட்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் கயிறு) போட்ட பம்ப்பை ஓடவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். சொட்டு நிற்கும்வரை இறுக்குவேன் என்பவரை அனுப்பிவிடுங்கள், அந்த ஷாஃப்ட் ஸ்லீவ் தேய்ந்துபோகும். சொட்டட்டும், அதுதான் அதற்குக் குளிர்ச்சி என்பவரை, அவர் எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தாலும், உட்காரவைத்துப் பேசுங்கள்.

அந்த அண்ணனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் கல்லூரியில். ஒயிட்ஃபீல்டு, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் சில்லர், கம்ப்ரஸர், பம்ப் ஹவுஸ் எதுவாக இருந்தாலும் ஆள் தேவையென்றால் எனக்கு மெசேஜ் போடுங்கள். ரெஸ்யூமே கேட்காதீர்கள். ஒரு மெஷினைக் காட்டுங்கள், அவர் வருவார்.