ஆஸ்பத்திரியை இடித்துக் கடை கட்டணுமா?

எங்கள் ஊரில் பழைய பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று பல வருஷமாகப் பூட்டியே கிடக்கிறது. இடித்துவிட்டுக் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. வருமானம் வரும், மறுக்கவில்லை. ஆனாலும் கடப்பாரையை எடுப்பதற்கு முன் பெருந்துறைக் கதையைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஈரோட்டுக்குப் பக்கத்தில் பெருந்துறையில் இன்று அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி இருக்கும் வளாகம் முன்பு காசநோய் சானடோரியம். நம் பக்கத்துப் பெரிசுகளுக்கு இப்பவும் அது சானடோரியம்தான். காசநோய்க்கு மாத்திரையே இல்லாத காலம் அது. காற்று, வெளிச்சம், பால், முட்டை, ஓய்வு, இவ்வளவுதான் வைத்தியம். அதனால்தான் இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளை ஊரைவிட்டுத் தள்ளி, காற்றோட்டமான இடமாகப் பார்த்துக் கட்டினார்கள்.

அப்புறம் மருந்து வந்தது. 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கி, நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் சேர்த்தும், மறு பாதியை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரு வருஷம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடித்தனம், சத்தில்லாத சாப்பாடு. 1959இல் வந்த முடிவு: குணமானதில் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உலகம் முழுக்க சானடோரியப் படுக்கைகள் காலியானதற்குச் சென்னை ஏழைகளிடம் நடந்த இந்த ஆய்வும் ஒரு முக்கியக் காரணம்.

வேலை போன அந்த வளாகங்கள் எல்லாவற்றுக்கும் நல்ல கதி வாய்க்கவில்லை. பெருந்துறைக்கு வாய்த்தது. போக்குவரத்துத் தொழிலாளர்களின் பணத்தில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் அங்கே மருத்துவக் கல்லூரி நடத்தியது. டிரைவர், கண்டக்டர் பிள்ளைகளுக்கென்று அதில் தனி இடங்கள் இருந்தன. பிறகு அரசே எடுத்துக்கொண்டது. 2020 மார்ச்சில் ஈரோட்டில் கொரோனா வந்தபோது நோயாளிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் பெருந்துறையில்தான். நுரையீரல் நோய்க்கென்று ஒதுக்கிய மண், இத்தனை காலம் கழித்து மறுபடியும் நுரையீரல் நோய்க்கே உதவியது. நடுவில் யாராவது பிளாட் போட்டு விற்றிருந்தால்?

கட்டட விஷயத்துக்கு வருகிறேன். பெரு நாட்டின் லிமா நகரத்து ஆஸ்பத்திரிகளில் அறைக் காற்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று அளந்து, 2007இல் வெளியிட்டார்கள். ஜன்னல் கதவெல்லாம் திறந்து வைத்தால், 1950க்கு முன் கட்டிய உயரக் கூரை வார்டுகளில் மணிக்கு 40 தடவை காற்று மாறியது. புதுக் கட்டடங்களில் 17. இயந்திரம் வைத்துக் காற்றோட்டம் தந்த அறைகளில் 12தான். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் அதே உயரக் கூரை, எதிரெதிர் ஜன்னல், சுவரின் மேலே காற்று போக வென்டிலேட்டர் திறப்பு. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது கரண்ட் போனாலும் அந்த வராந்தாவில் வேர்க்காது.

"மச்சு ஒழுகுதுங்க, சுவர் பொரிஞ்சு போச்சுங்க" என்கிறார்கள். உண்மைதான். ஆனால் சுண்ணாம்புச் சுவருக்குமேல் சிமெண்ட் பூசினால், உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் பொரியத்தான் செய்யும். பழுது பார்க்கிறேன் என்று பூசிய பூச்சே பாதிக் கேடு. அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசலாம். அரித்துப்போன உத்தரங்களை மட்டும் மாற்றலாம். செலவு ஆகும், தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் சிரமம்.

அங்கே ஆபரேஷன் தியேட்டர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பழைய கட்டடத்தில் அதெல்லாம் வீண் வம்பு. பிசியோதெரபி, சர்க்கரை, பிரஷர் மாத்திரை, படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்கப் போகும் நர்சுகளுக்கு ஓர் இடம், இவை போதும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இந்த வேலைகள் ஏற்கெனவே நடக்கின்றன. பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்க, தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிற அப்பாரு, அம்மாயிகள் பகலில் வந்து உட்காரவும் ஓர் இடமாச்சு. கடை கட்டினால் ஏற்கெனவே இருக்கிற செல்போன் கடைகளோடு இன்னொன்று சேரும், அவ்வளவுதான்.

அக்டோபர் 2 கிராம சபையில் இரண்டு விஷயம் கேட்கப் போகிறேன். கட்டடத்தின் உறுதி பற்றிப் பொறியாளர் எழுதிக் கொடுத்த அறிக்கை இருக்கிறதா? நிலம் எப்படி வந்தது, தானமாக வந்திருந்தால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஊர்க்காரர்கள் யார் இதைப் படித்தாலும் அன்றைக்கு வந்து சேருங்க. நான் ஒருத்தன் கேட்டால் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.